கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து: நீல் தீவில் சில நாட்கள்

பிப்ரவரி 10, 2025, திங்கள் – போர்ட் பிளேர்

போன செப்டம்பரில் இந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அரசாங்கப் பலகைகளில் புதுப்பெயர்தான். டாக்சிக்காரரும் டீக்கடைக்காரரும் இன்னும் போர்ட் பிளேர் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

வந்திருப்பது அப்பா, தம்பி, நான். தம்பிக்கு ஸ்நார்க்கெலிங் செய்ய வேண்டும், அதாவது முகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதந்தபடியே கடலுக்குள் பார்ப்பது. எனக்குக் கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் தண்ணீரையும், அதில் மாட்டிக்கொண்டிருக்கும் உயிர்களையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்றுதான் அந்தமானின் நீல் தீவைத் தேர்ந்தெடுத்தோம். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கடலைப் பாக்கதுக்கு யாராவது துட்டு குடுத்து ஏரோப்பிளேன்ல போவாகளா?" என்று சென்னை விமான நிலையம் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

டாக்சி ஓட்டிய அண்ணன் தமிழர். தாத்தா காலத்தில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். எங்களைச் சுற்றிப்பார்க்க அழைத்துப் போகும் வழியில் சிப்பிகாட் என்ற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார். சாலைக்கு இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர். நடுவில் பட்டுப்போன மரக்கட்டைகள். "இது பூரா வயலுங்க. சுனாமிக்கு உள்ள வந்த தண்ணி, அப்புறம் வெளியே போகவே இல்ல" என்றார்.

தண்ணீர் போகாததற்குக் காரணம் அலை அல்ல, நிலம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. வடக்கு அந்தமானில் நேர்மாறாக நிலம் மேலே எழும்பி, கடலுக்குள் இருந்த பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. அப்பா வண்டியை விட்டு இறங்கி அந்தத் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார். ஏரோப்பிளேன் கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை.

மதியம் அபர்தீன் பஜார் பக்கம் ஒரு தமிழ் மெஸ். சாப்பாடு 160 ரூபாய், மீன் வறுவல் தனி. ரசம் ஊரில் கிடைப்பதைவிட நன்றாக இருந்தது. செல்லுலார் சிறையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதை விடுகிறேன். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. இவ்வளவு கிழக்கே இருந்துகொண்டு டெல்லி நேரத்தைக் கடிகாரத்தில் வைத்திருந்தால் வேறெப்படி இருக்கும்?

பிப்ரவரி 11, செவ்வாய் – நீல் தீவு, தைப்பூசம்

காலைக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். துறைமுகத்தைத் தாண்டியதும் கப்பல் ஆடத் தொடங்கியது. சிப்பந்திகள் பழகிய கையோடு காகிதப் பைகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். தம்பி இரண்டு பை வாங்கினான். அப்பா ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்து, எலுமிச்சம்பழம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். எப்போது வாங்கினார் என்று தெரியாது.

நீல் தீவின் இப்போதைய பெயர் ஷஹீத் துவீப். 2018 டிசம்பரில் மாற்றினார்கள். நேதாஜி 1943இல் அந்தமானுக்குச் சூட்டிய பெயர் அது. ஊர்களின் பெயர்களோ இராமாயணத்திலிருந்து வந்தவை: சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய தீவு இது. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று கடை வைத்திருக்கிறார்கள், படகு விடுகிறார்கள், காய்கறி போடுகிறார்கள். போர்ட் பிளேர் சந்தைக்கே இங்கிருந்துதான் காய்கறி போகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம்கூட ஆகாது.

படகுத்துறையில் எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு பேக்கேஜ் வண்டி நின்றது. அறைக்குக்கூடப் போகாமல் நேரே லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். இயற்கைப் பாலம் அங்கேதான். பழைய பவளச் சுண்ணாம்புப் பாறையை அலை குடைந்து குடைந்து வளைவு போல விட்டுவைத்திருக்கிறது. வங்காளிகள் அதற்கு ஹவுரா பாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அந்தக் கிண்டல் தேவைப்பட்டிருக்கும்.

பாலம் எங்கே என்றால், தண்ணீருக்கு அந்தப் பக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். கடல் முழுசாக ஏறி, கரையோர மரங்களின் வேரில் அலை மோதிக்கொண்டிருந்தது. பாறைக் குளமாவது, பாலமாவது? நடப்பதற்கு ஒரு முழம் மணல்கூட இல்லை. எங்களுக்கு முன்னால் வந்திருந்த குஜராத்திக் குடும்பம் தண்ணீரைப் பின்னணியில் வைத்து செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பாவம், அவர்களுக்கும் அதே பேக்கேஜ்தான் போலிருக்கிறது.

ஓட்டுநரிடம் மாலையில் திரும்ப அழைத்து வர முடியுமா என்று கேட்டேன். "உங்க லிஸ்ட்ல இந்த இடம் முடிஞ்சிடுச்சு மேடம்" என்று தாளைக் காட்டினார். காலை 9.00, இயற்கைப் பாலம், டிக். ஏஜென்ட்டுக்கு போன் போட்டால், கப்பல் வரும் நேரத்தை வைத்துத்தான் நிகழ்ச்சி போடுவோம், கடலை வைத்து எப்படிப் போட முடியும் என்கிறார். கடலைக் காட்டுவதற்குத்தானே காசு வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

இந்தச் சண்டையெல்லாம் நடந்தபோது அப்பா இளநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளநீர் 70 ரூபாய், வழுக்கை நிறைய. பாறையில் அடிப்பாகம் கருப்பாகவும் மேலே வெளுப்பாகவும் இருந்தது. "கருப்பு எதுவரைக்கும் இருக்கோ அதுவரைக்கும் டெய்லி தண்ணி ஏறுது. இன்னைக்குப் பூசம், நாளைக்குப் பௌர்ணமி. நாளைக்குச் சாயந்திரம் நல்லா வாங்கும், யம்மா. அப்ப வருவோம்."

கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் அவர் கையைக் கீழே இறக்கிக் காட்டியதும் அந்த அம்மா தலையாட்டிவிட்டு, நாலு விரலைக் காட்டி "பாட்டா, சார் பஜே" என்றார். நாலு மணிக்கு வற்றம். இரண்டு பேருக்கும் கணக்கு ஒத்துப்போய்விட்டது. கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையை நான் கைபேசியில் திறந்து பார்த்தேன், அதிலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

பேக்கேஜ் வண்டியை அங்கேயே அனுப்பிவிட்டோம். பணம் திரும்பி வராது, போகட்டும். இனி ஆட்டோ. தம்பி அறைக்கு வந்ததும் போர்த்திப் படுத்தவன் மாலை வரை எழவில்லை, அதனால் அன்றைக்கு வற்றத்தை விட்டுவிட்டோம்.

இரவு ஒரு வீட்டு முற்றத்தில் நாலு மேசை போட்டு நடத்தும் சாப்பாட்டுக் கடை. சோறு, பருப்பு, கத்தரிக்காய் வறுவல், கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு, 280 ரூபாய். கடுகு மூக்கில் ஏறியதும் அப்பா முகம் மாறியது. சமைத்த அக்கா அதைக் கவனித்துவிட்டு, கேட்காமலே ஒரு துண்டு மீனை மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை. அறைக்கு நடந்து வரும்போது நிலா தென்னைக்கு மேலே வந்திருந்தது. அப்பா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 12, புதன் – பரத்பூர் காலை, லக்ஷ்மண்பூர் மாலை

ஒரே கடல், காலையில் ஒரு வேலைக்கு, மாலையில் வேறு வேலைக்கு. மிதந்து பார்க்கத் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பவளத்தில் வயிறு உரசும். நடந்து பார்க்கத் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். இங்கே அந்த நாட்களில் இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். தூத்துக்குடியில் ஒரு மீட்டர்கூட வராது. அப்பாவுக்கே அது புதுசுதான்.

பரத்பூர் கடற்கரையில் காலை ஒன்பதுக்குப் போனோம். ஸ்நார்க்கெலிங் தலைக்கு 1,000 ரூபாய், கூட ஒரு ஆள் வருவார். பேரம் பேசினால் 800க்கு இறங்குகிறார்கள். ஆனால் 800க்கு நேரமும் இறங்குகிறது. எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, ரப்பர் வளையத்தைக் கையில் கொடுத்து, அதைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு ஒரு பையன் நீந்துகிறான். இருபது வயது இருக்கும். இறங்குவதற்கு முன் முகக் கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்துக் கழுவச் சொன்னான். இல்லையென்றால் ஆவி படியுமாம். அவன் துப்பாமல் என்னையே துப்பச் சொன்னதில் ஒரு நிம்மதி.

வாயால் மூச்சு விடுவதுதான் கஷ்டம். தலையைத் தண்ணீருக்குள் வைத்ததும் மூக்கு தன் வேலையைச் செய்யப் பார்க்கிறது, கண்ணாடி முகத்தில் ஒட்டிக்கொள்கிறது, பயம் வருகிறது. இரண்டு முறை உப்புத்தண்ணீர் குடித்தேன். பையன் அவசரப்படுத்தவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து, மூச்சு சீராகும் வரை காத்திருந்து, பிறகுதான் இழுத்துப் போனான்.

முதலில் வெறும் மணலும் கடற்புல்லும். அப்புறம் திட்டுத் திட்டாகப் பவளம். உண்மையைச் சொன்னால், பாதிக்கு மேல் செத்த பவளம். சாம்பல் நிறத்தில் உடைந்து கிடக்கிறது. 2010 கோடையில் அந்தமான் கடல் அளவுக்கு மீறிச் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன, 2016இலும் வெளுத்தன. பவளத்துக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிடும். நிறமும் அதோடு போய்விடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் பட்டினிதான். விளம்பரப் படங்களில் இருக்கும் வண்ணத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.

ஆனால் மீன்கள் குறை வைக்கவில்லை. கருப்பு வரி போட்ட சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போயின. பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் ஒன்று பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது, கறக் கறக் என்று அந்தச் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. பாசிக்காகப் பாறையோடு சேர்த்துக் கடித்து, அரைத்து, மணலாக வெளியே விடுகிற மீன் அது. இந்தக் கடற்கரையின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றுக்குள் போய் வந்ததுதான். ஓரிடத்தில் பையன் கயிற்றை நிறுத்திக் கீழே கை காட்டினான். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ராட்சதச் சிப்பி, வாய் திறந்து, ஊதா நிறத்தில் உதடு நெளிந்தது. எங்கள் நிழல் விழுந்ததும் மூடிக்கொண்டது.

கரைக்கு வந்தால் அப்பா காகிதப் பொட்டலத்தில் ஜால்முரி தின்றுகொண்டிருந்தார், 30 ரூபாய். பொரியும் கடுகெண்ணெயும். நேற்று முகம் சுளித்த அதே கடுகு. கேட்டால், "இது வேற" என்றார்.

மாலை மூன்று மணிக்கு மறுபடியும் லக்ஷ்மண்பூர் இரண்டு. ஆட்டோ போக வர 600 ரூபாய். படியிறங்கிக் கடற்கரைக்கு வந்தபோது எனக்கு வேறெங்கோ வந்துவிட்டோமோ என்று தோன்றியது. நேற்று அலை மோதிய இடத்திலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டருக்குக் கடலே இல்லை. தார் பெயர்ந்த சாலை போல, குண்டும் குழியுமாகப் பாறைப் படுகை விரிந்து கிடந்தது. குழி ஒவ்வொன்றிலும் தண்ணீர். அலை எங்கோ தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

வாசலிலேயே கைடு பையன்கள் நிற்கிறார்கள். 400 ரூபாய் கேட்டார்கள். தேவையா என்று தம்பி முணுமுணுத்தான். தேவைதான். கைடு இல்லாமல் போனவர்கள் பாலத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பியதைக் கண்ணால் பார்த்தோம். எங்களோடு வந்தவன் முதல் பத்து அடியிலேயே ஒரு குழியருகே உட்கார்ந்துவிட்டான். எனக்குத் தண்ணீரும் கல்லும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கச் சொன்னான். கல் என்று நினைத்ததில் ஒன்று நகர்ந்தது. கடல் அட்டை. கருப்பாக, மேலெல்லாம் மணல் ஒட்டிக்கொண்டு, ஒரு சாண் நீளம். மணலை விழுங்கி, அதிலிருக்கும் கழிவைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலைப் பின்னால் விட்டுக்கொண்டே போகிறது.

"இதையா புடிச்சிட்டுப் போயி ஜெயில்ல கெடக்கானுவ?" என்றார் அப்பா. 2001இல் கடல் அட்டையையும் பவளத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் அதை நம்பிப் பிழைத்தவர்கள் அன்றைக்கே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடத்தல் இன்றுவரை ஓயவில்லை. செய்தித்தாளில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட படம் வரும். உயிரோடு ஒன்றை அப்பா பார்ப்பது இப்போதுதானாம். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார்.

அடுத்தடுத்த குழிகளில்: கல்லுக்கு அடியிலிருந்து மயிர் போலக் கை நீட்டும் ஒல்லி நட்சத்திர மீன்கள், தொட்டால் கையை உதிர்த்துவிட்டு ஓடும் ரகம். தண்ணீரை விட்டு வெளியே பாறைமேல் தாவித் தாவிப் போகும் விரல் நீள மீன்கள். காலிச் சங்குகளில் குடியேறிய நண்டுகள், அதிலும் ஒன்று தன் அளவுக்குப் பெரிய வீட்டை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போனது. கடற்சாமந்தி ஒன்று, அதன் விரல்களுக்குள் ஆரஞ்சு நிறக் குட்டி மீன். ஒரு பொந்திலிருந்து புள்ளி போட்ட விலாங்கு தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. மிரட்டுகிறது என்று பின்வாங்கினோம். இல்லை, அது மூச்சு விடுவதே அப்படித்தான் என்று கைடு சிரித்தான்.

வற்றம் என்றால் இந்த உயிர்களுக்குச் சோதனைக் காலம். நாலைந்து மணி நேரத்துக்குக் குழியில் இருக்கும் தண்ணீரே உலகம். வெயில் ஏற ஏறச் சூடாகும், உப்பு கூடும், மூச்சுக் காற்று குறையும். மழை பெய்தால் உப்பு திடீரென்று குறையும். இவ்வளவையும் தாங்குகிறவைதான் இங்கே வாழ முடியும். அதற்கு மேல் நம் கால் வேறு. ஒரு கூட்டம் குழிக்குள் இறங்கி நின்று கடல் அட்டையைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் கைடு அங்கே போய், சத்தம் போடாமல், அதை வாங்கித் திரும்பத் தண்ணீரில் வைத்துவிட்டு வந்தான். அவர்களுடைய கைடு வேறு ஆள், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாலத்துக்கு நூறடி முன்பு தம்பியின் செருப்பு வார் அறுந்தது. செத்த பவளம் கத்தி மாதிரி, வெறுங்காலில் ஓரடி வைக்க முடியாது. கைடு தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தான். வேண்டாம் என்றதற்கு, "என் காலுக்கு இந்தப் பாறையைத் தெரியும்" என்று இந்தியில் சொன்னான். திரும்பி வந்ததும் தம்பி கூடுதலாக 200 ரூபாய் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு, செருப்புக்கென்றால் வேண்டாம், டிப்ஸ் என்றால் சரி என்றான்.

பாலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று பேருமே அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. அப்பா அதன் காலடியில் குந்தி, பாறையில் பதிந்திருந்த பவளத் தடங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் சின்ன வயதில் தூத்துக்குடித் தீவுகளிலிருந்து வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் வந்து இறங்குமாம். சுண்ணாம்புக் காளவாசலுக்கு, வீட்டு அஸ்திவாரத்துக்கு. "நம்ம பழைய வீட்டுச் சுவத்துலயும் இந்தக் கல்லுதான் இருந்துச்சு. அப்ப யாருக்குலே தெரியும் இது உயிருன்னு?" தம்பி பதில் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாகின. கல் எடுப்பது ஏறக்குறைய சுனாமியோடுதான் நின்றது. இப்போது அனுமதியில்லாமல் அந்தத் தீவுகளில் நாம் கால் வைக்க முடியாது. அதனால்தான் தூத்துக்குடிக்காரர் கடல் அட்டையைப் பார்க்க அந்தமான் வர வேண்டியிருக்கிறது.

நாலரைக்குக் கைடு கிளம்பச் சொன்னான். கடல் திரும்பும்போது சத்தமே இல்லாமல் திரும்புகிறது. முன்னால் இருக்கும் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவோம், பின்னால் இருக்கும் வாய்க்கால்தான் முதலில் நிறைகிறது. வரும்போது காய்ந்து கிடந்த ஓரிடத்தைக் கணுக்கால் தண்ணீரில் கடந்தோம்.

பிப்ரவரி 13, வியாழன் – சீதாபூர், பிறகு படகுத்துறை

அப்பா நாலரைக்கே எழுப்பிவிட்டார். சீதாபூரில் சூரியோதயம், ஐந்தே முக்கால் வாக்கில். மேகம் மறைத்துவிட்டது. ஆனால் டீ நன்றாக இருந்தது, 15 ரூபாய். வழியெல்லாம் காய்கறித் தோட்டம், வாழை, பாக்கு. ஓர் அம்மா சாலையோரத்தில் பறித்த கத்தரிக்காயைக் குவித்து வைத்திருந்தார். அப்பா விலை கேட்டு, ஒன்றை உடைத்துப் பார்த்து, விதை இல்லை என்று பாராட்டிவிட்டு, வாங்காமல் வந்தார். அந்த அம்மா கோபப்படவில்லை, இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்.

பகல் கப்பல் இரண்டரை மணி நேரம் தாமதம். காரணம் யாரும் சொல்லவில்லை. படகுத்துறைக் கொட்டகையில் மின்விசிறி இல்லை, உட்காரப் பாதிப் பேருக்கு இடமில்லை. அறிவிப்பு என்று எதுவும் இல்லாமல், வாசலில் நிற்கும் காவலரைச் சுற்றிக் கூட்டம் கூடும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து ஓடினோம். கப்பலில் வருகிறவர்களை அழைத்துப்போகப் பக்கத்தில் காத்திருந்த கொல்கத்தாக் குடும்பம் ஒரு டப்பா நார்கேல் நாடுவைத் திறந்து வரிசையாக நீட்டியது. தேங்காயும் வெல்லமும் போட்ட உருண்டை. நாங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவர்கள் நாளைக்கு இயற்கைப் பாலம் போகத் திட்டமாம், காலை ஒன்பது மணிக்கு. அப்பா என்னைப் பார்த்தார். நான் கைபேசியைத் திறந்து நேரத்தைக் காட்டி, தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்று விளக்கினேன். அவர்களுடைய பெரியவர் அதைக் கையில் குறித்துக்கொண்டார். இனி போகிறவர்களுக்கும் அதேதான்: தங்கும் விடுதியைப் பார்ப்பதற்கு முன் வற்ற நேரத்தைப் பாருங்கள், வெளிச்சம் இருக்கும்போது நன்றாக வற்றும் நாளுக்குத் தேதி போடுங்கள். பிடிமானமுள்ள, வார் அறாத செருப்பு முக்கியம்.

கடல் இன்றைக்கு அமைதி. தம்பிக்குப் பை தேவைப்படவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி – விமான நிலையம்

சோதனைக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு வரிசை நகரவே இல்லை. முன்னால் நின்றவரின் பெட்டிக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய பவளத் துண்டுகள் ஏழெட்டு வந்தன, கூடவே சங்குகள். "கீழே கிடந்ததுங்க, செத்துப்போனதுதான்" என்று ஒரே வாதம். செத்தது, உடைந்தது, கரையில் ஒதுங்கியது எதுவாக இருந்தாலும் பவளத்தைக் கொண்டுபோகக் கூடாது. கடையில் வாங்கிய சங்கு என்றால் ரசீது கேட்கிறார்கள். அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார், தினமும் பேசுகிற பேச்சு போலிருக்கிறது. அந்த மனிதர் திரும்பி, ஆதரவு தேடுகிற மாதிரி அப்பாவைப் பார்த்து, "வீட்ல ஷோகேஸ்ல வைக்கலாம்னு நினைச்சேன் சார்" என்றார். தமிழர்தான்.

"வைக்காதீரும், நாறும்" என்றார் அப்பா.